இங்கே இறங்கவும்

ஜூலை 3, வியாழன்

தோள்பட்டை வலி. இன்று நூற்று நாற்பது டியூப். கையைத் தூக்கினால் காதுக்கு மேல் போகவில்லை. நோட்டை மடியில் வைத்துக் குனிந்துதான் இதை எழுதுகிறேன்.

வேலை என்று விளக்கிச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மேலே பேரிக்காய்த் தோட்டத்துக்குக் கீழ் லாரி டியூபில் ஏறி உட்காருகிறவர்கள், ஆப்பிள் தோட்டம், பிளம் தோட்டம், ரோப் கார் எல்லாவற்றையும் அண்ணாந்து பார்த்தபடி மிதந்து, முக்கால் மணி நேரத்தில் என் வளைவுக்கு வந்து சேருவார்கள். நான் கரையில் நின்று கொக்கிக் கழியை நீட்டி, டியூபில் கட்டிய கயிற்றை மாட்டி இழுப்பேன். அவர்கள் எழுந்து, செருப்பைத் தேடி, சிரித்து, டிராக்டரில் ஏறி மேலே போய்விடுவார்கள். அடுத்த டியூப் வரும்.

கழி அப்பாவுடையது. உயரத்துக் கிளைகளை வளைத்துப் பழம் பறிக்க வைத்திருந்தார். பட்டை உரியாமல் இருக்கக் கொக்கியில் பழைய துணி சுற்றியிருப்பார். அதே துணிதான் இப்போது டியூப் கிழியாமல் பார்த்துக்கொள்கிறது.

"நீங்க இங்கயே இருக்கீங்களா? கொடுத்து வெச்சவங்க."

தினமும் யாராவது சொல்கிறார்கள். நான் கயிற்றைப் பார்த்துச் சிரிப்பேன். முகத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வராது.

இந்த ஆற்றின் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம். கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. குடியிருப்புப் பெண்கள் துவைக்கிற கல்லில் உட்காருவதோடு சரி. ஆற்றில் இறங்குவதெல்லாம் டிக்கெட் எடுத்தவர்கள்.

ஜூலை 4, வெள்ளி

இன்றும் கொடுத்து வைத்தவள். எண்ணினேன், பதினோரு பேர் சொன்னார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

எழுதாமல் ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன். எழுதினால் உண்மையாகிவிடும் என்ற பயம்.

கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. ஆற்று நீர்மட்டம் அளக்கும் அலுவலகம், உதவியாளர் வேலை. நகரத்தில், பஸ்ஸில் ஆறு மணி நேரம். ஆகஸ்ட் 4, திங்கள் காலை பத்து மணிக்குச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த பேருக்குப் போய்விடும். படித்தது புவியியல், கேட்ட வேலையும் அதுதான். தபால்காரர் என் கையிலேயே கொடுத்ததால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அட்லஸுக்குள், ஆறுகள் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும்? போகாதே என்று அடிப்பார்களா, அழுவார்களா? அதெல்லாம் இல்லை. வீடு போய்விடும். அவ்வளவுதான்.

இரண்டு அறை. குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற வரிசையில் ஏழாவது கதவு. சுவரில் கை வைத்தால் கிடங்கு மோட்டாரின் நடுக்கம் தெரியும். அந்த இரைச்சல் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். வேலைப் பதிவேட்டில் வீட்டுக்கு ஒரு பேர் இருக்க வேண்டும், இல்லையென்றால் முப்பது நாளில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போன அறுவடையில் அப்பா ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பு. கடைசிப் பரீட்சை எழுதி நான் வருகிறவரை அவர் பேரை விட்டுவைத்தார்கள். வந்த மறுநாள் அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதற்கு மேலேயே என் பேரை எழுதினார்கள். நாற்பத்தைந்து தாண்டியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று அம்மாவை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள்.

இந்த வரிசையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்த வீட்டுக்குக் கூரையும் நான்தான். இரண்டும் ஒரே ஆள் எப்படி ஆக முடியும்?

ஜூலை 9, புதன்

நேற்று ஒரு புதுமணத் தம்பதி பேச்சு சுவாரசியத்தில் என் கழியைக் கவனிக்காமல் வளைவைத் தாண்டிப் போய்விட்டார்கள். நடைபாலத்துத் தூணில் முட்டித்தான் நின்றார்கள். வளைவுக்குக் கீழே தண்ணீர் இழுக்கும், அதோடு மடு வேறு. டிராக்டர் அண்ணன் போய்க் கூட்டி வந்தார். "அவங்க இன்னும் சண்டையே ஆரம்பிக்கல, அதான் எங்க போறோம்னு தெரியல" என்றார்.

மேனேஜர் காலையில் கூப்பிட்டார். எதற்கும் "சரி சரி" என்று சொல்லி எதையும் செய்யாததால் குடியிருப்பு முழுக்க அவருக்குச் சரிசரி என்றே பேர்.

"இங்கதான் முடியுதுன்னு பெருசா ஒரு போர்டு வைக்கணும். படிச்ச பொண்ணு, நீயே எழுதிடும்மா."

பச்சைப் பலகை, வெள்ளைப் பெயின்ட். பென்சிலால் கோடு போட்டு, எழுத்தை அளந்து எழுதினேன்: இங்கே இறங்கவும். நாலு பேர் பார்க்கும்படி நான் எழுதிய முதல் எழுத்து. காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா அப்பாவின் போர்வையைத் துவைக்க வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"என்ன எழுதியிருக்கு?"

"இங்கே இறங்கவும்."

"ஆத்துலயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டியூப்ல இருந்தும்மா. பஸ்ல இருந்து இறங்கற மாதிரி."

அம்மா பலகையை இன்னொரு தரம் பார்த்தாள். "சரி. படிச்சவங்களுக்குப் புரியும்."

ஜூலை 10, வியாழன்

ஒருத்தரும் தாண்டிப் போகவில்லை. போர்டைப் பார்த்ததும் தாங்களாகவே கையை நீட்டுகிறார்கள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. நோட்டில் சொன்னால் தப்பில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா: "இவளக் கரையேத்திட்டா எனக்கு வேற கவலையே இல்ல." உள்ளூரில், பதிவேட்டில் பேர் உள்ள மாப்பிள்ளையாக இருக்க வேண்டுமாம். அப்படியென்றால் வீட்டுக்கும் ஆபத்தில்லை. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துணியை நாலு தரம்.

டிராக்டர் அண்ணனுக்கும் செய்தி போய்விட்டது போல. "தினம் நூறு பேரக் கரையேத்தற. உன்னை யாரு கொக்கி போட்டு இழுக்கறதுன்னு எல்லாரும் மண்டைய உடைச்சுக்கறாங்க."

நான் கயிற்றைப் பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்தே வாக்கியத்தைத் தயார் செய்தேன். அப்பா, எனக்கு ஒரு வேலை. அப்பா, ஒரு கடிதம். அப்பா, கோவிச்சுக்காதீங்க. மூன்றில் எது முதலில்?

சாயங்காலம் ஜன்னலோரம் படுத்திருந்தார். வழக்கம்போலத் தோட்டத்தைப் பற்றிக் கேள்வி.

"நாலாம் வரிசை பிளம் நிறம் திரும்பிடுச்சா?"

"ஒரு பக்கம் திரும்பியிருக்குப்பா."

"ஏணிய மண்ணு பாத்து வைக்கச் சொல்லு. அங்க ஈரம் ஜாஸ்தி."

"அப்பா..."

"நீ இருக்கற, வீடு இருக்கு. இல்லன்னா இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு நான் எங்கம்மா போவேன்?"

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னார். நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, ஆனாலும் வாங்கிக் குடித்தார்.

ஜூலை 16, புதன்

இன்னும் பத்தொன்பது நாள்.

ஜூலை 18, வெள்ளி

சரிசரியின் அறை. மேஜையில் தோட்டத்தின் படம் போட்ட விளம்பரத் தாள் கட்டுக் கட்டாக இருந்தது. ஆறு, பழம், சைக்கிள் பாதை, சிரிக்கும் குடும்பம். வாசலில் பத்து நிமிஷம் நின்றேன். பிறகு அவரே "என்னம்மா" என்றார்.

"சார், ஒருவேளை ஒருத்தங்க... வேற வேலைக்குப் போனா, வீட்டுல வேற ஒருத்தங்க பேரு..."

"கல்யாணமா? சரி சரி. சந்தோஷம். சீசன் முடியட்டும்."

"இல்ல சார், அம்மா பேரை..."

"அம்மாவுக்கு வயசு தாண்டியிருச்சேம்மா. அதெல்லாம் ரூல். சரி சரி, போய் வேலையப் பாரு, டியூப் வருது பாரு."

டியூப் எதுவும் வரவில்லை. வருகிற மாதிரி நடந்து போனேன்.

என் மேலேயே கோபம். கல்லூரியில் நாற்பது பக்கம் எழுதினேனே, மழைக்கும் நீர்மட்டத்துக்கும் என்ன கணக்கு என்று. ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், முழுசா பேச வாய் வரலியே. எதுக்குப் படிச்சேன்? போர்டு எழுதவா?

ஜூலை 19, சனி

அட்லஸில் கடிதம் தலைகீழாக இருக்கிறது. நான் அப்படி வைக்க மாட்டேன். வைத்திருப்பேனோ?

ஜூலை 20, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போனாலும் பரவாயில்லை, நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஆற்று நடுவில் ஒரு டியூபில் இரண்டு சின்னப் பெண்கள். கொக்கியை மாட்டிவிட்டேன், இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது சைக்கிள் பாதை வழியாக ஒரு குடும்பம் வந்தது. டியூப் டிக்கெட் எடுத்தவர்கள் இல்லை, சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர்கள். அந்த மனிதர் என் போர்டுக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்தார். "இங்கே இறங்கவும்." அவர் மனைவி, "ஆழமா இருக்காதா?" என்று கேட்டாள். "இருந்தா எழுதியிருக்க மாட்டாங்கல்ல."

எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. திரும்பிச் சொல்ல வேண்டும். இல்லைங்க, அது உங்களுக்கு இல்லைங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். தெரியாத ஆளிடம் சத்தம் போட்டுப் பேச வேண்டுமே என்று ஒரு நொடி தயங்கினேன். அந்த ஒரு நொடிதான். அதற்குள் அவர் ஷூவைக் கழற்றி, ஜோடியாகப் போர்டின் கீழே வைத்து, சாக்ஸை மடித்து உள்ளே சொருகி, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

முட்டி. இடுப்பு. காலடியில் கல் உருண்டிருக்கும், ஆளைக் காணோம். தலை தெரிந்தபோது வளைவுக்குக் கீழே போயிருந்தார்.

கழி என் கையில். கழியின் அந்த முனையில் இரண்டு குழந்தைகள். விட்டால் அவர்களும் அதே பக்கம் போவார்கள். விடாவிட்டால் அவர் போகிறார். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

அம்மா துவைக்கிற கல்லில் இருந்தாள். எழுந்தாள். ஈரப் போர்வையின் ஒரு முனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மீதியை வலை மாதிரி வீசினாள். அப்பாவின் போர்வை, நனைந்தால் மூட்டை கனம். அவர் பிடித்துக்கொண்டார். அம்மாவும் கூடவே சரிந்தாள், கல்லில் உட்கார்ந்து இரண்டு குதிகாலையும் பாறை இடுக்கில் ஊன்றிக்கொண்டாள். இழுத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. விடவில்லை. ஆறே அவரை ஒரு வட்டம் சுற்றிக் கரையில் சேர்த்தது. அதற்குள் நான் குழந்தைகளைக் கரையில் போட்டுவிட்டு ஓடினேன்.

இருமி முடித்ததும் அவர் என்னைத்தான் பார்த்தார். திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"இறங்கச் சொல்லி நீங்கதானேங்க எழுதி வெச்சிருக்கீங்க?"

அவர் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையில் போர்வை இறுக்கிய தடம் சிவப்பாக, வளையல் மாதிரி. அம்மா போர்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆத்துலயா"ன்னு அன்னிக்கே கேட்டாளே. நான் சிரிச்சேனே.

ஷூ மட்டும் நனையாமல் அப்படியே இருந்தது.

ஜூலை 21, திங்கள்

போர்டைக் கழற்றிவிட்டார்கள். சரிசரி ஒரு தாளை நீட்டினார். மேற்படி பலகையை எனது சொந்த விருப்பத்தில் எழுதி வைத்தேன், அதற்கு நானே முழுப் பொறுப்பு. கீழே என் பேர், கையெழுத்துக்குக் கோடு.

"ஒண்ணுமில்லம்மா, ஒரு ஃபார்மாலிட்டி."

கையெழுத்துப் போட்டால் என் பேரை அடிப்பார்கள். அடித்தால் வீடு போய்விடும். போடாவிட்டால் அவர் மேலிடத்துக்கு எழுதுவார், அப்போதும் வீடு. எந்தக் கதவைத் திறந்தாலும் அதே சுவர்.

படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். முழு வாக்கியம். ரொம்ப லேட்டாக வந்த வாக்கியம்.

ஜூலை 22, செவ்வாய்

அம்மா இன்று காலை தலை வாரிக்கொண்டு எங்கேயோ போனாள். எங்கே என்பதை டிராக்டர் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் டீசல் வாங்க வந்து சரிசரியின் அறை ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறார்.

"உங்கம்மா உக்காரக்கூட இல்ல. நின்னபடியே கேட்டாங்க, போர்டு எழுதச் சொன்னது யாரு சார்னு. அவரு சரி சரின்னாரு. முந்தாநேத்து தப்பிச்ச மனுஷனோட சம்சாரம் எனக்கு நம்பர் குடுத்துட்டுப் போயிருக்கு, நாளைக்கு அவங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லிக் குடுங்கன்னாங்க. மறுபடி சரி சரி. ஆனா இந்த வாட்டி குரல் இறங்கிடுச்சு."

"அப்புறம்?"

"அந்தக் கொக்கி வேலைய எனக்குக் குடுங்க, பொண்ணு பேர எடுத்துட்டு என் பேர எழுதுங்கன்னாங்க. வயசு தாண்டிடுச்சேம்மான்னாரு. ஆத்துல போன ஆளு என் வயசக் கேக்கலியே சார்னாங்க." அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனக்கே வேர்த்துடுச்சு."

அம்மா எனக்கு எதற்கு வழி பண்ணுகிறாள்? அவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு ஓடினேன். அப்பாவின் மடியில் அட்லஸ். அவருக்கு எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும். படுத்த இடத்தில் பொழுது போகாமல் படம் பார்க்க எடுத்திருக்கிறார், கடிதம் விழுந்திருக்கிறது. மூன்று மதியம், நாளுக்கு நாலு வரி. அம்மாவுக்கும் படித்துக் காட்டியிருக்கிறார்.

"'நீர்மட்டம்'ங்கறதுல மாட்டிக்கிட்டேன்" என்றார். "அதுக்கே அரை நாள் போச்சு."

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"எனக்கு இதுல இஷ்டம்னு நெனைக்காத. ஒத்தப் புள்ள, ஆறு மணி நேரம் தள்ளிப் போய் உக்காரப் போற. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நாங்க என்ன, கதவப் பூட்டி வெச்சிருக்கமா?"

பூட்டவில்லை. பூட்டியிருந்தால் தட்டியாவது இருப்பேன். இதை எப்படிச் சொல்வது? வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அவள் கத்தியை என் பக்கம் தள்ளினாள்.

ஜூலை 23, புதன்

தாளில் "எனது சொந்த விருப்பத்தில்" என்பதை அடித்துவிட்டு, "மேலாளர் சொன்னபடி" என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியது நான், அது பொய் இல்லை. சரிசரி அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்தார். என் பேரின் மேல் கோடு. அதற்கும் மேலே, இண்டு இடுக்கில், அம்மாவின் பேர்.

ஒரே கட்டத்தில் மூன்று பேர். அப்பா அடியில், நான் நடுவில்.

ஜூலை 24, வியாழன்

அதே பலகை, புதுப் பெயின்ட். இந்தத் தரம் அம்மாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன்.

"டியூபில் வருகிறவர்கள் இங்கே கரையேறவும்."

"ம்."

"மற்றவர்கள் தண்ணீருக்குள் போகக் கூடாது. ஆழம்."

"ஆழம்ங்கறத மட்டும் பெருசா எழுது." கொஞ்சம் யோசித்தாள். "வேற அர்த்தம் வராதே?"

கதவோரம் நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா சொன்னார்: "கரையேறவும்னா இங்க கல்யாணம் பண்ணி வைப்பாங்கன்னு எவனாவது வந்து நிப்பான்."

ஏணியிலிருந்து விழுந்த பிறகு அப்பா சொன்ன முதல் ஜோக்.

ஜூலை 27, ஞாயிறு

அம்மாவுக்குக் கழி பழக்கிக் கொடுத்தேன். நான் தோளால் இழுப்பேன், அவள் இடுப்பால் இழுக்கிறாள். எனக்கு மூன்று மாதம் தெரியாத வித்தை. அவளுக்கு நாற்பத்தெட்டு வயசு. பத்தாவது டியூபுக்கே மூச்சு வாங்கியது, அதை நான் பார்க்கக் கூடாது என்று தண்ணீர் குடிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

நான் தப்பித்து வெளியே வரவில்லை. அவளும் நானும் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறோம். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு பெண், தலை துவட்டிக்கொண்டே: "இங்கயே இருக்கீங்களா? கொடுத்து வெச்சவங்க."

அம்மா நேராக அவள் முகத்தைப் பார்த்தாள். "யாரும்மா குடுத்தா? எங்க வெச்சா? சொல்லு, போய் எடுத்துக்கறேன்."

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நானும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பஸ். நெரிசல், எழுத்து குலுங்குகிறது. மேட்டுச் சாலையிலிருந்து வளைவு தெரிந்தது. பச்சைப் பலகை, பக்கத்தில் அம்மா, கையில் கழி. பஸ் சத்தம் கேட்டிருக்கும். இந்த நேரத்துக்கு இது ஒரே பஸ். நிமிர்ந்து பார்க்கவில்லை, டியூப் வந்துகொண்டிருந்தது.

கண்டக்டர்: "எங்கம்மா இறங்கணும்?"

நான் இன்னும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு தரம் கேட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அலுவலகம் ஆற்றுக்கு மேலேயே இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் முதல் வேலையாக ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். படிக்கட்டு, அதன் முடிவில் தண்ணீருக்குள் எண்கள் எழுதிய கம்பம். கீழ் எண்களைப் பாசி மறைத்திருந்தது.

"கிட்டப் போய்த் துடைச்சாத்தான் தெரியும். தண்ணியில இறங்கிப் பழக்கம் உண்டா?"

"இல்ல சார்."

"கம்பிய விடாம போங்க."

செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தேன். முட்டிக்கு மேல் வரை. அவ்வளவு குளிராக இருக்கும் என்று தெரியாது. துடைத்து, பார்த்து, மேலே நின்றவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்: ஒன்று புள்ளி நாலு இரண்டு. அவர் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் அப்பாவின் போனில் அம்மா. கை வலிக்கிறதா என்று கேட்டேன், அதெல்லாம் இல்லை என்றாள். குரலிலேயே தெரிந்தது.

"இன்னிக்கு இறங்கினேன்மா."

"ஆத்துலயா?"

"ஆமாம்மா. ஆத்துலதான்."

பின்னால் கிடங்கு மோட்டார் சத்தம் கேட்டது.

"கல்லு வழுக்கும்" என்றாள். "பாத்து."